கொண்டையராஜு போன வழியில்

வியாழன், சென்னை எழும்பூர்

ஓர் ஓவியரின் வாழ்க்கை எந்தெந்த ஊர் வழியாகப் போனதோ, அதே வரிசையில் அந்த ஊர்களுக்குப் போய்வரக் கிளம்பியிருக்கிறேன். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிவிட உத்தேசம். ஓவியர் பெயர் சி. கொண்டையராஜு. 1898இல் சென்னையில் பிறந்தவர், 1976இல் மறைந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். நாடகக் கம்பெனிக்குப் படுதா, அதாவது மேடையின் பின்னால் தொங்கும் காட்சித் திரை, எழுதினார். கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அங்கிருந்து அவர் எழுதிக் கொடுத்த சாமி படங்களைச் சிவகாசி அச்சகங்கள் அச்சடித்துத் தள்ளின. பெயரைச் சொன்னால் ‘யாரு?’ என்று கேட்பவர்கள்கூட, படத்தைக் காட்டினால் ‘இது எங்க ஆச்சி வீட்ல இருந்துச்சே’ என்கிறார்கள்.

காலையில் பெரியார் சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரிக்குப் போனேன். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளி இது. மரங்கள் அடர்ந்த வளாகம், சிவப்புக் கட்டடங்கள், வராந்தாவில் தரையில் அமர்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கும் பிள்ளைகள். அவர்களில் இருவரிடம் கொண்டையராஜு பெயரைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்குத் தெரியவில்லை. இன்னொரு பெண், ‘காலண்டர் ஆர்ட்டிஸ்ட்தானே சார்?’ என்றார். மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அந்த ‘காலண்டர்’ என்ற முன்னொட்டுதான் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது என்றும் தோன்றியது.

இந்தப் பள்ளியின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் தொடங்குவார்கள். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர், பள்ளியின் முதல் இந்தியத் தலைவர். அடுத்து ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், பிறகு 1966இல் அவர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம். கொண்டையராஜு படித்தது சௌத்ரி காலத்துக்கும் முந்திய பள்ளியில். அப்போது இது பெரிதும் கைத்தொழில் பள்ளி. உலோக வேலை, மரச்செதுக்கு, நகைவேலை எல்லாம் ஒரே கூரையின் கீழ். வரைகலை வகுப்பு என்றால் வார்ப்பு உருவத்தை எதிரே வைத்து ஒளியும் நிழலும் பிசகாமல் தாளில் ஏற்றுவது, தூரத்தில் இருப்பது சிறுக்கும் கணக்கைக் கற்பது. இப்படிக் கற்ற கைகள் பல, வரைவாளர் வேலைக்கும் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர் வேலைக்கும் போயின. இந்தக் கை சாமி பக்கம் திரும்பியது.

வெள்ளி, திருவண்ணாமலை

பேருந்தில் வரும்போது பாதி வழியிலேயே மலை தெரிய ஆரம்பித்துவிட்டது. ஆனி மாதக் காற்றில் மேகம் மலையுச்சியைத் தொட்டும் விட்டும் போய்க்கொண்டிருந்தது.

1922இல் அன்னை இறந்தபின் ரமணர் மலைமேலிருந்து அடிவாரத்துக்கு வந்தார். அன்னையின் சமாதியைச் சுற்றித்தான் ஆசிரமம் வளர்ந்தது. ஓவியப் பள்ளி முடித்த இளைஞர் ஒருவர் ஓவிய வேலை தேடாமல் இங்கே வந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய கூடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சுவரெல்லாம் ரமணரின் புகைப்படங்கள். அந்தக் கண்களை எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாலும் அவை நம்மையே பார்க்கின்றன. இங்கே வந்தவர்கள் பலரும் அவர் பேச்சைவிட அவர் பார்வையைப் பற்றியே அதிகம் எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னாளில் கோவில்பட்டியில் எழுதப்பட்ட லட்சுமியும் முருகனும் பார்க்கிறவரை நேராகப் பார்ப்பதற்கும் இந்தக் கூடத்துக்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க வழியில்லை. ஆனாலும் உண்டு என்றே நினைக்கிறேன்.

சனி, மதுரை

இரண்டு காரியங்களுக்காக மதுரையில் இறங்கினேன். ஒன்று நாடகம், மற்றது மீனாட்சி கல்யாணம்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியது இந்த ஊரில்தான். அதன்பின் இருபது முப்பது ஆண்டுகள் தென்தமிழகம் முழுக்க நாடகக் கம்பெனிகள் கொட்டகை போட்டுச் சுற்றின. பார்சி நாடகக் கம்பெனிகளைப் பார்த்து வந்த வழக்கம்தான் இந்த எழுதிய படுதா. ஒரு கம்பெனிக்கு இன்னின்ன சீன் கட்டாயம் வேண்டும் என்று இருந்தது: தர்பார், அந்தப்புரம், நந்தவனம், காடு, தெரு, அரிச்சந்திரனுக்கு மயானம். தர்பார் சீனில் தூண்கள் வரிசையாக உள்ளே போய்ச் சிறுத்துக்கொண்டே மறைய வேண்டும். பதினைந்தடி அகலத் துணியில் நூறடி நீள மண்டபத்தைக் காட்ட வேண்டும். கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது துலங்க வேண்டும். எழும்பூரில் கற்ற தூரக் கணக்கு கொண்டையராஜுவுக்கு இங்கே சோறு போட்டது.

1931இல் தமிழ்ப் பேசும்படம் வந்தபின் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. நடிகர்களில் பலர் சினிமாவுக்குப் போனார்கள். அவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் தொங்கிய படுதாக்கள் மடித்து வைத்த இடத்திலேயே மக்கிப் போயின. அந்தப் படுதாக்கள் எப்படி இருந்திருக்கும் என்று இன்று அறிய வேண்டுமானால் கொண்டையராஜுவின் சாமி படங்களில் சாமிக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும். தூண்கள், சுருக்கிக் கட்டிய திரை, ஏரி, அருவி, அந்தி வானம். நாடகம் போன பிறகும் அதன் சீன்கள் நம் பூஜை அறைக்குள் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கின்றன. இதை நினைக்கும்தோறும் எனக்குச் சிலிர்க்கிறது.

மாலையில் கோயிலுக்குப் போனேன். கைபேசி உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதனால் கம்பத்தடி மண்டபத்தில் திருக்கல்யாணச் சிற்பத்தின் முன் நின்று கண்ணாலேயே படித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நடுவில் மீனாட்சி, தலை சற்றே குனிந்திருக்கிறது. ஒருபுறம் சொக்கர் கைப்பிடிக்க, மறுபுறம் அண்ணன் திருமால் தாரை வார்க்கிறார். மதுரைக்காரர் எவருக்கும் இந்த நிற்கும் நிலை மனப்பாடம். கொண்டையராஜு இதே காட்சியை எழுதியிருக்கிறார், அவருடைய பேர்பெற்ற படங்களில் ஒன்று அது. கருங்கல்லில் வெட்கப்படும் மீனாட்சிக்கு அவர் பச்சை மேனி கொடுத்து, பட்டுச் சேலையின் ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல் போட்டு, சுற்றிலும் தேவர் கூட்டத்தை நிறுத்துகிறார். கல்லில் மூவர் இருந்த இடத்தில் ஒரு கல்யாண வீட்டின் நெரிசல் வந்துவிடுகிறது.

கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் படக்கடை ஒன்றில் பழைய அச்சுப் படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். கடைக்காரர் ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டார். பிரேம் மாற்ற வந்தவர்கள் வேண்டாமென்று விட்டுப்போனவை. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கீழ் ஓரம் எல்லாவற்றிலும் வெட்டப்பட்டிருந்தது.

‘பழசுல கையெழுத்து இருக்கும்ணே. கடைப் பேரும் கீழேதான் இருக்கும். கடைப் பேரோட சாமிய யாரு கும்பிடுவா? அதை வெட்டும்போது இதுவும் போயிரும்’ என்றார்.

ஓவியரின் பெயர் மறைந்த விதத்தை யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஞாயிறு, கோவில்பட்டி

மதுரையிலிருந்து தெற்கே ரயிலில் வந்தால், சாத்தூர் தாண்டியதும் மண் கறுத்துவிடுகிறது. பருத்தியும் கம்பும் விளையும் கரிசல். மழை பொய்த்தால் தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கும் ஊர்கள். பக்கத்து இடைசெவலிலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் வந்தார்கள். அதனால் இந்த மண்ணின் எழுத்து எல்லோருக்கும் தெரியும். இந்த மண்ணில் ஓர் ஓவிய மரபும் இருந்தது என்பதைத்தான் கோவில்பட்டிக்கு வெளியே பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை.

1940களின் தொடக்கத்தில் நாடகக் கம்பெனி இங்கே கலைந்தது. கொண்டையராஜுவும் அவரோடு இருந்த சீடர்களும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கினார்கள். தேவி ஆர்ட் ஸ்டுடியோ உருவானது. போட்டோ பிடிப்பது, போட்டோவைப் பார்த்துப் பெரிய உருவப்படம் எழுதுவது, வண்ணம் ஏற்றுவது, கேட்டால் சாமி படம். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம், ஜி. செண்பகராமன் என்று அவர் கீழ் உருவானவர்கள் ஒவ்வொருவரும் பின்னாளில் சிவகாசி அறிந்த பெயர்கள். பல படங்களில் ‘சி. கொண்டையராஜு’ என்பதோடு ‘டி.எஸ். சுப்பையா’ என்ற கையெழுத்தும் சேர்ந்தே இருக்கும். குருவும் சீடரும் ஒரே தாளில் கையெழுத்திடுவது நம் ஓவிய உலகில் அபூர்வம். கோயில் வேலையில் ஸ்தபதியும் அவர் ஆட்களும் சேர்ந்து உருவம் சமைப்பது போன்ற ஏற்பாடுதான் இது. தனி மேதை என்ற கணக்கில் மட்டுமே ஓவியர்களை அளக்கிறவர்களுக்கு இந்தப் பட்டறை பிடிபடாமல் போனதில் வியப்பில்லை.

முன்பு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவரை நண்பர் மூலம் சந்தித்தேன். கதிரேசன் மலைப்பக்கம் வீடு. திண்ணையில் உட்கார வைத்துக் கடலைமிட்டாய் கொடுத்தார். கருப்பட்டி மணக்கிற பாகு இல்லை, வெல்லப் பாகுதான், ஆனால் பல்லில் ஒட்டவில்லை.

‘அண்ணாச்சி, நீங்களும் சாமி படம் எழுதியிருக்கீகளா?’ என்று கேட்டேன்.

‘எழுதாம? எங்க காலத்துல ஸ்டுடியோ வச்சிருந்தாலே பிரஷ் புடிக்கத் தெரியணும்லா. போட்டோவுக்குப் பின்னால தொங்குற படுதாவ நாங்களே எழுதுவோம். படிக்கட்டு, தூணு, ஏரி. காலண்டர் ஆர்டர் வந்தா அதும் பண்ணுவோம்.’

‘எதிலிருந்து தொடங்குவீங்க?’

‘பின்னாடி வேலையெல்லாம் முதல்ல. சேல, நக அடுத்து. முகம் பெறவு. கண்ணு கடைசி. கண்ணத் தொறந்துட்டா அப்புறம் அந்தப் படத்துல கை வைக்க மனசு வராதுய்யா.’

‘கொண்டையராஜு படத்துக்கும் மத்தவங்க படத்துக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?’

கொஞ்ச நேரம் யோசித்தார். ‘மத்தவுக படத்துல நகை பளபளன்னு முன்னாடி வந்து நிக்கும். அவுக படத்துல நகையும் இருக்கும், ஆனா முதல்ல முகத்தத்தான் பாப்பீரு’ என்றார்.

இரவு விடுதிக்கு வந்து, கையோடு கொண்டுவந்திருந்த இரண்டு அச்சுப் படங்களை விரித்துவைத்துப் பார்த்தேன். பெரியவர் சொன்னது சரி. ஒளியை அவர் முகத்தின் மேல்தான் விழவைக்கிறார். கன்னமும் மோவாயும் மிக மெல்லிய படிகளில் உருண்டு வருகின்றன, கோட்டை எங்கும் தேட வேண்டியிருக்கிறது. உடம்பும் நகையும் தஞ்சாவூர் ஓவியத்தின் முறைமையில் நேர்முகமாக நிற்கின்றன. பின்னணி மட்டும் நாடகத் தர்பார் போல ஆழமாக உள்ளே போகிறது. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு. ஒட்டிவிடுகிறது என்பதில்தான் அவருடைய கைவன்மை இருக்கிறது.

ரவிவர்மாவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. 1894இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த லட்சுமியும் சரஸ்வதியும்தான் எல்லாக் காலண்டர் ஓவியர்களுக்கும் முன்னோடி. ரவிவர்மா இறந்தபோது கொண்டையராஜு சிறுவன். ரவிவர்மாவின் லட்சுமி தாமரைமேல் நிற்கும் ஓர் அழகான பெண்; உடல் கனமும் சேலையின் விழுகையும் உண்மைப் பெண்ணுடையவை. கொண்டையராஜுவின் லட்சுமியைப் பார்க்கும்போது அலங்காரம் முடித்துத் திரை விலக்கிய நொடியில் சன்னதியில் நிற்கும் உணர்வு வருகிறது. ரவிவர்மா கடவுளை மனிதருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். கொண்டையராஜு மனித முகத்தின் மென்மையைக் கடவுளிடம் விட்டுவைத்துக்கொண்டே மீண்டும் கருவறைக்குள் நிறுத்தினார். தென்னாட்டில் மக்கள் இவர் படத்துக்கு விளக்கேற்றியதற்கு அதுதான் காரணம் என்பது என் துணிபு. தொழில்நுட்பத்தில் ரவிவர்மா பெரியவர் என்றே ஒத்துக்கொள்கிறேன். தரிசனம் தருவதில் இவர் பெரியவர்.

திங்கள், கழுகுமலை

இங்கே வர வேண்டும் என்று திட்டம் இல்லை. கோவில்பட்டியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பதால் ஏறினேன். இங்கே பாறையைக் குடைந்து செய்த வெட்டுவான் கோயிலைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்தப் பதிவு வேறெங்கோ போய்விடும்.

சமணப் பாறைச் சிற்பங்களை மட்டும் சொல்கிறேன். வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களுக்குக் கீழே வட்டெழுத்துப் பொறிப்புகள். இன்னாருக்காக இன்னார் செய்வித்த திருமேனி என்று அவை சொல்கின்றன. குரத்திகள் எனப்பட்ட பெண் துறவியரின் பெயர்களும் அவற்றில் உண்டு. செய்வித்தவர் பெயர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது, செதுக்கியவர் பெயர் பெரும்பாலும் இல்லை. காலண்டரின் கீழே ஜவுளிக்கடைப் பெயரும் நகைக்கடைப் பெயரும் பெரிய எழுத்தில் இருப்பது திடீரென்று புதிய வழக்கமாகத் தோன்றவில்லை. ஆனால் இந்தச் சிற்பங்களைத் தொல்லியல் துறை காக்கிறது. மேலே ஏறி வருகிறவர்கள் கல்லைக் கலை என்று தெரிந்தே பார்க்கிறார்கள். தாளில் அச்சானதற்கு அந்த மரியாதை வர இன்னும் எவ்வளவு காலம் ஆகும்?

செவ்வாய், சிவகாசி

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். தீப்பெட்டி வந்தால் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டும். பட்டாசு வந்தால் அதற்கும் படம் வேண்டும். லேபிள் அடிக்க வந்த லித்தோ என்ற பழைய வகை வண்ண அச்சு இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் காலண்டர் அடித்தன. பிறகு காலண்டரே பெருந்தொழில் ஆனது.

இப்போது ஊர் பரபரப்பாக இருக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது இங்கே வழக்கம், அதற்கான வேலை ஓடுகிறது. ஆல்பத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண். ஏஜென்ட் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கடைகளுக்குப் போவார். கடைக்காரர் எண்ணைச் சொல்வார். அந்தப் படத்தின் கீழே கடைப்பெயர் அடித்து வந்து சேரும். ‘கொண்டையராஜு படம் வேண்டும்’ என்று கேட்கிற இடமே இந்த ஏற்பாட்டில் இல்லை. முருகன் வேண்டும், லட்சுமி வேண்டும், நம்பர் இத்தனை வேண்டும், அவ்வளவுதான்.

அச்சகம் ஒன்றில் உள்ளே விட்டார்கள். நீண்டகாலம் அங்கே வேலை பார்க்கும் ஒருவர் பழைய முறையை விளக்கினார். ஓவியர் ஒரிஜினலைக் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு தொகை பேசி ஒரேயடியாக வாங்கிக்கொள்வார்கள். அதன்பின் எத்தனை லட்சம் அடித்தாலும் ஓவியருக்கு வேறு வரவு இல்லை. லித்தோ காலத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் தகடு. அந்தத் தகட்டில் புள்ளி புள்ளியாகக் கையால் வைத்து நிழலைக் கொண்டுவர அச்சகத்திலேயே லித்தோ ஆர்ட்டிஸ்ட்டுகள் இருந்தார்கள். ஆகவே நாம் வீட்டில் பார்த்த முகம் கொண்டையராஜு எழுதியது. அதைத் தகட்டில் ஏற்றியது பெயரே தெரியாத இன்னொரு கை. ஆஃப்செட் வந்தபின் கேமரா வண்ணம் பிரித்தது, நான்கு வண்ணத்தில் முடிந்தது. புள்ளி வைத்தவர்களின் வேலையும் போனது.

‘ஒரிஜினல் எல்லாம் எங்க இருக்கு?’ என்று கேட்டேன்.

‘வேலை முடிஞ்சா பரண்ல போட்டுருவாங்க. கரையான், மழை ஒழுக்கு, இடம் மாத்துறது. அப்ப யாரு நினைச்சாங்க இதத் தேடி ஒருத்தர் வருவார்னு?’

பக்கத்து அறையில் இளைஞர் ஒருவர் கணினியில் புதிய வடிவம் செய்துகொண்டிருந்தார். பின்னணியில் தங்கத்தூள் போல ஒளி, புதிய கிரீடம், புதிய மாலை. முகத்தை மட்டும் பழைய படம் ஒன்றிலிருந்து ஸ்கேன் செய்து எடுத்திருந்தார். ‘இந்த முகம்தான் சார் மூவ் ஆகும். புதுசா வரைஞ்சா கடைக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க’ என்றார். யார் எழுதிய முகம் என்று அவருக்குத் தெரியாது. திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். கன்னத்தின் நிழல் படிப்படியாக இறங்கும் விதத்தைப் பார்த்ததும் கோவில்பட்டிப் பட்டறையிலிருந்து வந்த முகம் என்றே எனக்குப் பட்டது. கையெழுத்து இல்லாததால் அடித்துச் சொல்ல முடியாது. அந்த இளைஞருக்குக் கொண்டையராஜுவைப் பற்றிச் சொன்னேன். அக்கறையாகக் கேட்டு, பெயரைத் தன் கைபேசியில் குறித்துக்கொண்டார்.

இந்த ஓவியர்களைப் பற்றி முதன்முதலில் ஆழ்ந்து எழுதியவர்களில் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் முக்கியமானவர். மதுரை வட்டாரத்தில் மண்வேலை செய்யும் வேளார்களின் மண் உருவங்களை ஆராய வந்தவர், கோவில்பட்டி வரை வந்து கொண்டையராஜுவை நவீன காலத்தின் தேர்ந்த கலைஞர்களில் ஒருவராக வைத்து எழுதினார். சமயவியல் பேராசிரியர் எச். டேனியல் ஸ்மித் சேர்த்த ஆயிரக்கணக்கான சாமி படங்கள் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. கோவில்பட்டியில் ஓர் அறை போதும்: கிடைக்கும் ஒரிஜினல்கள், அச்சுப் படங்கள், ஆல்பங்கள், ஒரு லித்தோ தகடு. எழும்பூர்க் கல்லூரியின் பாடத்தில் ஒரு வகுப்பு போதும். பெரிய செலவு இல்லாத காரியங்கள்தான் இவை.

அதுவரை வீடுகளில் இருப்பதுதான் காட்சியகம். 1950களிலிருந்து 1970கள் வரை அச்சான சாமி படம் யார் வீட்டிலாவது இருந்து, கண்ணாடி உடைந்தோ பூச்சி அரித்தோ பிரேம் மாற்றக் கொடுப்பதாக இருந்தால், முதலில் முழுப் படத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து வழக்கமாகக் கீழ்மூலைகளில் இருக்கும். சில படங்களில் பிரேமின் மரச்சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். அச்சகத்தின் பெயரும் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கக்கூடும். பிரேம் கடைக்காரரிடம் வெட்டாமல் போடச் சொல்லுங்கள். அளவு ஒத்துவரவில்லை என்பார், கொஞ்சம் பெரிய சட்டமாகப் போடச் சொன்னால் போட்டுத் தருவார்.